மூன்று மணி ஆகவில்லை

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை 5.30. கிள்ளானிலிருந்து அம்மாவும் நானும் காரில் கிளம்பினோம்.

2. 6.10. பிரிக்பீல்ட்ஸில் சித்தியை ஏற்றிக்கொண்டோம். ஒரு பை என்று சொல்லியிருந்தவர் நான்கு பைகளோடு நின்றார். காருக்குள்ளேயே அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டேன்.

3. 6.40. ரவாங்குக்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையம். எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது அம்மாவின் இட்லி டப்பா காலியாக இருந்தது. என் பட்டியலில் ‘அம்மா, பசியாறல்’ என்ற வரிக்குச் சரி போட்டேன்.

4. 9.15. ஈப்போவைத் தாண்டியதும் சித்தி பக்கத்துக் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது. எவ்வளவு அழுத்தியும் மேலே வரவில்லை.

5. 10.40. லெங்கோங் அருகே இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது.

6. 12.50. பட்டறையிலிருந்து கிளம்பினோம். ரொட்டி சாப்பிட்டுவிட்டேன் என்று அம்மா சொன்னார். இன்னொரு சரி.

7. 1.30. கிரிக். ரமலான் மாதம், சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருந்தன. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அம்மா.

8. 2.10. கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது.

9. 2.35. அம்மா என்னிடம், கிள்ளான் பாலம் தாண்டிட்டோமா என்று கேட்டார்.

இதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு என்னால் எண் போட முடியவில்லை. பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதாவது வரியில் கை நின்றுவிடுகிறது.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஒரு பொருள் எப்படியெல்லாம் பழுதாகும் என்று, அது பழுதாவதற்கு முன்பே எழுதிவைப்பது என் வேலை. எது உடையும், உடைந்தால் என்ன ஆகும், உடையப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது. மூன்று பத்திகள். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மாவின் ஊசி, மருந்து, சாப்பாடு மூன்றையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய அட்டவணைப்படிதான் நடத்துகிறேன். அல்லது நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா கிளந்தானில் ஒரு பள்ளியில் ஆசிரியர். அங்கே போய் மூன்றாவது ஆண்டு. இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு ஒவ்வொரு முறையும் எழுதிப்போடுவதும், கிடைக்கவில்லை என்று பதில் வருவதும் வழக்கமாகிவிட்டிருந்தது. கிளந்தானில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அதனால் நான் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். மூன்று பேருக்கு விமான டிக்கெட் எடுக்க வசதி இல்லை. எடுத்தாலும் தோசைக்கல்லையும் இருபது கிலோ இட்லி அரிசியையும் விமானத்தில் ஏற்ற முடியாது. என் சிறிய பழைய கார்தான் வழி. குவா மூசாங் பக்கம் சாலைப் பணி நடப்பதாகக் கேள்விப்பட்டு, ஈப்போ வழியாகப் போய் கிரிக்கிலிருந்து மலையைக் கடக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுத்தேன்.

பயணத்துக்கும் பட்டியல் போட்டேன். இருபத்தேழு வரிகள். டயர், பிரேக், யானை, மண்சரிவு, சித்தியின் வாந்தி. பதினொன்றாவது வரி: ‘அம்மாவின் இனிப்புநீர் கூடுதல்.’ அதற்கு எதிரே நான் எழுதிய தீர்வு, ‘காரில் சீனி எந்த வடிவிலும் இருக்கக் கூடாது.’ அப்படியே செய்தேன். சீனி போடாத காப்பி ஒரு ஃபிளாஸ்க். சீனி இல்லாத பிஸ்கட். வெறும் தண்ணீர் ஆறு போத்தல். அக்காவுக்கு எடுத்த சாமான்களில்கூடச் சீனி இல்லை. கிளந்தானில் குழம்பே இனிக்கும், சீனிக்கா பஞ்சம் என்று நான்தான் சொன்னேன்.

இனிப்புநீர் குறையவும் செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்கு எப்போதும் கூடித்தான் பழக்கம்.

காலைப் பொழுது நன்றாகவே போனது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அம்மா முன் இருக்கையில் கழுத்துக்குத் தலையணை வைத்து, மடியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். ஓடிகொலோன் நனைத்த கைக்குட்டை ஒன்று மூன்று பேரிடமும் சுற்றிவந்தது. சித்தி பின்னால் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு, இது முதல் வகுப்பு என்றார். கண்ணாடி விழுந்த பிறகு ஏர்கோனை அணைத்துவிட்டேன். வெயில் அடிக்காமல் இருக்க அந்த ஓட்டையில் ஒரு பாத்திக் கைலியைக் கட்டினோம். அது பாய்மரம் போல் உப்பியது.

"காசு குடுத்தாலும் இந்தக் காத்து கெடைக்காது லா," என்றார் சித்தி.

"ஒனக்கென்ன, பறக்குறதுக்கு முடியா இருக்கு," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

ஏர்கோன் இல்லாததால் மூன்று பேருக்கும் வேர்த்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பில் இனிப்பு குறையும்போது முதலில் வேர்க்கும். மூவரும் வேர்த்துக் கிடந்தால் அதில் ஒருவரின் வேர்வை மட்டும் வேறு என்று யாருக்குத் தெரியும்.

லெங்கோங்கில் ஒரு சீனப் பெரியவரின் பட்டறை வரைக்கும் காரை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டு போனேன். ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. அவர் காரைச் சுற்றி வந்து, "தங்காச்சி, இந்தக் காரு மூத்ததா, நீ மூத்ததா?" என்று தமிழில் கேட்டார். சரியான குழாய் அவரிடம் இல்லை. வேறொரு காரின் குழாயை அளந்து வெட்டிப் பொருத்தினார். அவர் வெட்டும் இடத்தில் நான் கூடவே நின்றேன். இரண்டு மணி நேரம். சித்தியும் அம்மாவும் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன். ரெண்டு துண்டு என்றார் அம்மா. நான் குழாயைத்தான் மூன்று முறை சரிபார்த்தேன்.

மலைச்சாலையில் ஏறிய பிறகு அம்மா பேசுவதை நிறுத்தினார். தூங்குகிறார் என்று நினைத்தேன். யானைகள் கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகைகள் வந்தன. இரண்டு பக்கமும் காடு. சூடு காட்டும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உயரம் கூடக்கூடக் காற்று குளிர்ந்தது. சித்தி துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அப்போதும் அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கிள்ளான் பாலம் தாண்டிட்டோமா.

விளையாட்டு என்று நினைத்தேன். "காட்டுல இருக்கோம்மா," என்றேன்.

"அப்பா வர்ற நேரம். போய்க் கதவத் தெற," என்றார்.

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

என் கைகள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. சிக்னல் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், வளைவு தாண்டியதும் அகலமான ஓரத்தில் நிறுத்தினேன். பக்கவாதம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரி என்றேன். இரண்டு கையையும் தூக்கு என்றேன். அம்மா என்னை யாரோ போலப் பார்த்துவிட்டு, என்னா ஆட்டம் காட்டுற என்று திட்டினார். கைகள் இரண்டும் சமமாகத்தான் இருந்தன. தொட்டால் ஈரத்துணி போல் சில்லென்றிருந்தது.

இனிப்பு பார்க்கும் கருவி பின்பெட்டியில், தோசைக்கல்லுக்கு அடியில். நான் அதைத் தோண்டிக்கொண்டிருந்தபோது சித்தி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அக்கா சாப்பிடலடி," என்றார். "இட்லி ரெண்டு டப்பாவும் நான்தான் தின்னேன். ஒருசந்தி புடிக்கிறாங்க. வெள்ளிக்கெழம மூணு மணி வரைக்கும் பச்சத்தண்ணிதான். ஒன் அக்கா மாத்தலுக்கு நேர்த்தி. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

தவக்காலம். ஆண்டவர் உயிர்விட்டது மூன்று மணிக்கு. எங்கள் வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து பெரிய வெள்ளியன்று மட்டும் அப்படி ஒருசந்தி இருப்பார்கள். மூன்று மணிக்குச் சிலுவை செபம் சொல்லிவிட்டுத்தான் வாயில் எதையும் வைப்பார்கள். அம்மா அதைத் தவக்காலத்தின் எல்லா வெள்ளிக்கும் நீட்டியிருக்கிறார். நோயாளிகளுக்கு அது கட்டாயமில்லை என்று பூசையில் ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பார்கள். அம்மா அதை மற்ற நோயாளிகளுக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கருவி 2.3 என்று காட்டியது. நான்குக்குக் கீழே போகக் கூடாது. இன்னும் இறங்கினால் வலிப்பு வரும், நினைவு தப்பும். பிறகு வருவதை நான் ஒருமுறை படித்திருக்கிறேன். மறுபடி படிக்கவில்லை.

உலகத்தில் எனக்கு வேண்டியது இரண்டு மேசைக்கரண்டி சீனி. காரில் எனக்குத் தெரியாத பொருள் ஒன்றுகூட இல்லை, நான்தான் அடுக்கினேன். புளி. அப்பளம். மிளகாய்த்தூள். அரிசி. சீனி இல்லாத பிஸ்கட். சித்தியின் கைப்பையில் மிட்டாய் இல்லாத நாளே கிடையாது, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடக் கொடுப்பார். பையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை.

"தவக்காலம்னு இனிப்ப விட்டுட்டேன்," என்றார் சித்தி, ரொம்பச் சின்னக் குரலில்.

அம்மாவின் கைப்பையில் அந்த இரண்டு துண்டு ரொட்டியும் இருந்தன, டிஷ்யூவில் மடித்து. பிய்த்து அவர் வாயில் வைத்தேன். மெல்லவில்லை. துப்பினார். "மூணு ஆகல," என்றார். அப்பா இறந்தது மறந்துபோயிருந்தது, எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோயிருந்தது. அது மட்டும் மறக்கவில்லை.

நான் சாலை நடுவில் போய் நின்றேன். முதலில் வந்த கார் ஹாரன் அடித்து விலகிப் போனது. அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து பலகை ஏற்றிய லோரி ஒன்று வளைவில் இறங்கியது. பிரேக் முனகிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். என் மலாய் நன்றாக இருக்கும் என்று வேலையிடத்தில் சொல்வார்கள். அன்று எனக்குக் கிடைத்தவை மூன்று சொற்கள்தான்: அம்மா, சீனி, தோலோங். தோலோங் என்றால் உதவுங்கள்.

அவர் நோன்பில் இருந்தார், உதடு வெடித்திருந்தது. ஒன்றும் கேட்காமல் ஏறி, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். விடியுமுன் சாப்பிடும் சாமான்கள். அதற்குள் இனிப்புக் கெட்டிப்பால் டின் ஒன்று, மூடியில் இரண்டு ஓட்டை, ஓட்டைகளில் மடித்த காகிதம். "அம்பில், அம்பில்," என்று என் கையில் திணித்தார். எடுத்துக்கொள் என்று. அதோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஓரத்தில் மரக்கிளைகளை ஒடித்து, பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி வளைவில் போடப் போனார்.

அம்மாவின் பல் கிட்டியிருந்தது. விரலில் பாலைத் தொட்டு உதட்டுக்குக் கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டார். மூணு ஆகல, மூணு ஆகல. என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பலம் இருந்ததே என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. உடனே அந்தப் பிடி தளர்ந்தது. கண் மேலே செருகத் தொடங்கியது.

சித்தி என்னைத் தள்ளிவிட்டுக் கதவோரம் மண்டியிட்டார். தார்ச்சாலை ஓரம், சரளைக்கல். அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினார்.

"அக்கா, மூணு ஆச்சு," என்றார். "மணி அடிச்சிருச்சு, கேக்கல? நான் செபம் சொல்லிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிட்டேன். வாயத் தெறங்க."

மணி 2.41.

சித்தி தினமும் பூசைக்குப் போகிறவர். தபால்காரரிடம்கூட, ஆள் வீட்டில் இல்லை என்று பொய் சொல்ல மாட்டார்.

அம்மாவின் வாய் திறந்தது. கொஞ்சம்தான், விரல் நுழைகிற அளவு. கன்னத்தின் உட்புறத்தில் பாலைத் தடவினேன். மறுபடி தடவினேன். விழுங்குகிறாரா என்று தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாடையில், புடவையில், செபமாலையில், எல்லா இடத்திலும் பால். சித்தி செபம் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது உண்மையாகவே.

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. 2.57க்குக் கருவி 3.4 காட்டியது. அம்மா கையை விரித்துப் பார்த்தார்.

"என்னாடி இது, ஒட்டுது," என்றார். பிறகு, "மணி என்னா?"

"மூணு பத்து," என்றார் சித்தி.

காரின் கடிகாரத்தில் 2.58. அம்மா அதைப் பார்ப்பதற்குள் நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

லோரி ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்து, அம்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டு தலையாட்டினார். டின்னைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. வளைவில் போட்ட கிளைகளை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டு ஏறிப் போனார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. சித்தி, சொன்னாய் என்கிறார்.

மலையிறங்கி, கிளந்தான் பக்கம் ஜெலி என்ற ஊர் வரைக்கும் மீதி தூரத்தை ஓட்டியது நான்தான் என்று நம்பக் கடினமாக இருக்கிறது. ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் அம்மாவிடம் ஏதாவது கேட்டேன். இன்று என்ன கிழமை, நம் வீட்டு எண் என்ன, ஏழோடு எட்டைக் கூட்டினால் எவ்வளவு. பதில் வரத் தாமதமானால் கால் தானாக வேகத்தைக் குறைத்தது.

"நான் என்ன பாலர் பள்ளிப் புள்ளையா?" என்றார் அம்மா கடைசியில். அந்தக் கோபம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அங்கே அரசு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இளம் பெண் மருத்துவர், முக்காடு அணிந்தவர். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே மலாயில், நிதானமாக, நேற்று இரவு ஏழு மணிக்கு என்றார். அவர் குரலில் வெட்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நோயாளிக்கு உபவாசம் கூடாது, எங்கள் மார்க்கத்திலும் விலக்கு உண்டு என்று மருத்துவர் எடுத்துச் சொன்னார். நீங்கள் மட்டும் பிடிக்கிறீர்களே என்று அம்மா கேட்டார். மருத்துவர் சிரித்துவிட்டு, எனக்கு இனிப்புநீர் இல்லையே, மாச்சிக் என்றார். பெரியம்மா என்பது போல. அம்மா மரியாதையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். விற்பனையாளர்கள் வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் ஆட்டுவார்.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளிலும் அம்மா ஒருசந்தி இருந்திருக்கிறாரே, அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை? சித்தியிடம் கேட்டேன். சித்தி முதலில் என் அக்கா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தார். பிறகு சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் நான் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவேன். நான் போன பிறகு அம்மா ஊசி போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுவாராம். மாலையில் அட்டவணையில் சரி போட்டுவைப்பாராம். இந்த வெள்ளி நான் பக்கத்தில் இருந்தேன். பட்டியல்படி, ஒரு நொடிகூடத் தவறாமல், நானே போட்டேன். அம்மாவால் தப்பிக்க முடியவில்லை.

அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது என் கை. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அக்கா அன்று மாலை வார்டுக்குள் ஓடிவந்து, அம்மாவின் புடவையில் காய்ந்திருந்த பாலைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். கெட்டிப்பால் கொட்டிருச்சு என்றார் அம்மா. ஒருவகையில் உண்மைதான்.

அதோடு முடிந்திருக்கும், மாற்றல் வராமல் இருந்திருந்தால். நான்கு மாதம் கழித்து வந்துவிட்டது. அக்காவுக்கு ரவாங்கில் ஒரு பள்ளி. கடிதத்தைப் படம் எடுத்து அவள் அனுப்பியபோது அம்மா கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். கேட்டு வாங்கியதாக அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஏழு வெள்ளியும் மூன்று மணி வரை தவறாமல் பிடித்தேன் என்று எங்கள் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சித்தி தன் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். சொன்னால், ஒரு வெள்ளி குறைந்துவிட்டது என்று அதையும் சேர்த்துப் பிடிப்பார். சொல்லாவிட்டால், பிடித்தது பலித்தது என்று பிடிப்பார். இரண்டு பத்தியும் ஒரே இடத்தில் போய் நின்றன.

இப்போது நிலைமை இது. சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒருசந்தி கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார், ஃபாதரும் சொல்லியிருக்கிறார். நன்றிக்காக இந்த ஆண்டும் ஏழு வெள்ளி பிடிக்க வேண்டும் என்று அம்மா சித்தியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த முறை சத்தியம் செய்ய முடியாது என்று சித்தி மறுத்துவிட்டு, அன்றே எனக்கு ஃபோன் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். ஏழில் நான்கு கிடைத்திருக்கிறது. மற்ற மூன்றுக்கு இன்னும் வழி தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.